கோணல் துப்பாக்கி

சத்தியமாச் சொல்றேன், இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் என் மீசை இப்பவே உதிரட்டும்!

ஒரு வேட்டைக்காரனின் பழைய துப்பாக்கி, எதைக் குறிவைத்தாலும் ஒரு முழம் இடதுபக்கம் தள்ளித்தான் சுடும். அதனால் அவன் குறிவைக்கும்போதெல்லாம் முயல் அசையாமல் புல் மேயும்.

ஒருநாள் காக்கை வந்து, "பழசைக் கொடுத்துட்டுப் புதுசு வாங்கலாமான்னு யோசிக்கிறான். நாளைக்குக் கடைக்காரர் வர்றாராம்" என்றது.

முயல் பெரிய மானான மிளாவிடம் ஓடியது.

"அண்ணே, ஒருதடவை குண்டு பட்டாப் போதும். பழசையே வச்சுக்குவான். காடு பிழைக்கும்."

"படுறது யாரு?"

"என்னைச் சுட்டா அவனுக்கு என்ன பெருமை? உங்க உடம்புன்னா கண்ணு நிறையும்."

"காரியம்னா மட்டும் அண்ணேங்கிறே" என்றது மிளா. ஆனாலும் குட்டிகளை நினைத்துக்கொண்டு போனது. மறுநாள் வேட்டைக்காரன் சுடும் நேரம் பார்த்து ஒரு முழம் நகர்ந்து, குண்டை நெஞ்சில் வாங்கியது.

வேட்டைக்காரன் துப்பாக்கியை முத்தமிட்டான். புதருக்குள் முயல் மூச்சுவிட்டது.

கூடவே நின்ற கடைக்காரர், "அட! கோணல் துப்பாக்கி, மாத்திக்க முடியாதுன்னு சொல்லத்தானே வந்தேன். இவ்வளவு சுத்தமான குறியா? கொண்டா, மாத்திக்கலாம்" என்றார்.

வேட்டைக்காரன் தலையைச் சொறிந்தான். புதுசு பளபளத்தது. வாங்கிக்கொண்டு, சோதித்துப் பார்க்கப் புதரைக் குறிவைத்தான்.

எந்தப் பக்கம் நகர்வது என்று கேட்க முயல் அண்ணனைத் திரும்பிப் பார்த்தது. அண்ணன் கண் திறந்தபடி கிடந்தது.

நான் தப்பியதையோ, இதைச் சொன்னதையோ யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். அந்த யோசனை யாருடையதென்று மிளாவின் பெண்டாட்டி இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறது.