பூபதியாரின் தம்பி

பொமரேனியன் நாய்க் குலத்தில் பிறந்து, நான்கு வயது நிறைந்த பெருந்தகை பூபதியார் காவல் காத்த வாயிற்கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. ஆயினும், அவரது அடர்ந்த வெண்முடி முழுவதையும் உடம்பென்றே எண்ணி அஞ்சிய தெருநாய் மொட்டையன், உள்ளிருந்த மரநிழலில் ஒருபோதும் கால் வைத்ததில்லை. அந்நிழல் பூபதியாருக்கு மட்டுமே உரியது.

ஒரு நாள் குளியலின் நடுவே கதவு கிரீச்சிடக் கேட்டுப் பூபதியார் ஈரத்தோடு பாய்ந்தார். முடி ஒட்டிப்போய், அணிலைவிடச் சற்றே பெரியவராகத் தோன்றினார்.

"யாருடா பொடியா நீ? பெரியவரு எங்கே?" என்றது மொட்டையன்.

உண்மை சொல்ல மானம் இடங்கொடுக்கவில்லை. "நான் அவருடைய தம்பி. அண்ணன் குளிக்கிறார்."

"அப்போ இந்த நிழல்ல படுத்துக்கட்டுமா தம்பி?"

பூபதியார் வழிவிட்டு, "படுத்துக்கொள்ளுங்கள்," என்றார்.

உடல் உலர்ந்து, முடி சீவப்பெற்று, பந்தாகப் பருத்துத் திரும்பியவர், "எழுந்திரு!" என்று உறுமினார்.

"கோவிச்சுக்காதீங்க அண்ணே. உங்க தம்பி கொடுத்த இடம். சந்தேகம்னா அவரையே கூப்பிடுங்க, கேட்டுடலாம். ரெண்டு பேர் மேலயும் ஒரே சோப்பு வாசனை போலிருக்கே!"

பூபதியார், தம்பி கொடுத்த வாக்கைத் தாம் மீறுவதில்லை என அறிவித்து, நிழலின் மறுபாதியில் அமர்ந்தார்.

இவ்வழக்கு இவ்வண்ணம் தீர்ந்தது, சித்திரைத் திங்கள் பதினெட்டாம் நாள், வியாழக்கிழமை.