அரை நிமிடக் கல்யாணம்

“எங்க எள்ளுத்தாத்தா முதல் குண்டைப் பிரம்மச்சாரியாச் சுட்டார். ரெண்டாவது குண்டைக் குடும்பஸ்தனாச் சுட்டார். நடுவுல அரை நிமிஷம்தான். அதுக்குள்ள கல்யாணமே முடிஞ்சு போச்சு!”

சர் டார்க்வில் இம்ரி மேஜையில் தட்டிய தட்டில் விஸ்கிக் கோப்பை துள்ளியது. எதிரே சிவப்புப் பென்சிலோடு உட்கார்ந்திருந்த இஷ்பெல் ரென்னி துள்ளவில்லை.

“பொய்” என்றாள்.

பால்கார்வி மாளிகையின் பரம்பரைப் பட்டம் செல்லுமா என்று பார்க்க எடின்பரோவிலிருந்து வந்தவள் அவள். வம்சப் பட்டியல் என்ன லேசுப்பட்டதா? மேஜையில் புறப்பட்டு, தூங்கிக்கொண்டிருந்த மூன்று நாய்களின் மேல் ஏறி இறங்கி, வாசற்படியில் போய்த்தான் மூச்சு வாங்கியது.

இம்ரி வம்சத்தில் பிறந்த எவரும் சும்மா இருந்ததில்லை. குதிரை களைத்துவிட்டதென்று அதைத் தோளில் போட்டுக்கொண்டு ஆற்றைக் கடந்தார் இரண்டாம் சர். வெட்டுப்பட்டு விழுந்த தன் காலையே எடுத்து எதிரியைச் சாத்தினார் நான்காம் சர். பன்னிரண்டு நாளில் எல்லோர் மேலும் சிவப்புக் கோடு இழுத்துவிட்டாள் இஷ்பெல்.

சர் டார்க்வில் அதையெல்லாம் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டார். ஆனால் எள்ளுத்தாத்தா ஆர்ச்சிபால்டின் கல்யாணத்தின் மேல் கோடு விழுந்தால் குடிமுழுகிப் போகும். அவர் மகன் முறைதவறிப் பிறந்தவனாகி, பட்டமும் மாளிகையும் இங்கிலாந்துப் பங்காளி பெர்சியிடம் போய்விடும். மாளிகையைக் கோல்ஃப் ஹோட்டலாக்க அவன் வரைபடமே போட்டு வைத்திருந்தான்.

“நல்லாக் கேளுங்க மிஸ் ரென்னி. நம்ம கடற்கரைக் கோட்டையிலதான் நடந்துச்சு. பிரெஞ்சுக் கப்பல் சுடுது, இவர் திருப்பிச் சுடறார். மீன் விக்க வந்த ஜீன் உள்ள மாட்டிக்கிட்டா. செத்தாலும் புருஷன் பொண்டாட்டியாச் சாவோம்னு பீரங்கிக்கு இந்தப் பக்கம் இவர் நின்னார், அந்தப் பக்கம் மீன் கூடையோட அவ நின்னா.”

“பாதிரியார் எங்க நின்னார்? குழாய்க்குள்ளயா?”

“ஸ்காட்லாந்துல பாதிரி எதுக்கு? மோதிரமும் வேணாம், பைபிளும் வேணாம். ரெண்டு சாட்சி முன்னால ‘உன்னை ஏத்துக்கறேன்’னு ஆளுக்கொரு தடவை சொன்னாப் போதும். இந்த 1936லயும் அதானே சட்டம்!”

“சட்டத்தை எனக்கே சொல்லித் தர்றீங்களா? மனசாரச் சொல்லணும். விளையாட்டுக்குச் சொன்னா செல்லாது.”

சட்டம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். வேலையிலும் புலி. மாளிகையின் கடைசிப் பெட்டியைச் செவ்வாய்க்கிழமையே குடைந்து முடித்துவிட்டாள். கோட்டையின் பழைய பீரங்கிக் குறிப்பேடு அதில்தான் கிடந்தது. இன்று வெள்ளி. என்ன காரணமோ, இந்த மூன்று நாளாக எடின்பரோ ரயில் மட்டும் அவளுக்குக் கைகூடவே இல்லை.

“அரை நிமிஷத்துல இவ்வளவும் முடியுமா? செஞ்சு பார்த்தாத்தான் நம்புவேன்” என்று எழுந்தாள். “சாட்சிக்கு ரெண்டு பேரைக் கூப்பிடுங்க.”

சமையற்காரி மார்சலி மாவுக் கையோடு வந்தாள். பேக்பைப் ஊதும் லாக்லன் ஒரு காலில் மட்டும் பூட்ஸோடு நொண்டி வந்தான். கோட்டையிலிருந்து கொண்டுவந்து கூடத்தில் குடை மாட்டப் பயன்படுத்திய அந்தப் பழைய பீரங்கியிலிருந்து ஏழு குடைகள் இறக்கப்பட்டன. இந்தப் பக்கம் அவர், அந்தப் பக்கம் அவள்.

“ஆரம்பிங்க ஐயா!” லாக்லன் கடிகாரத்தைப் பிடித்தான்.

“டார்க்வில் இம்ரியாகிய நான்...” குரல் கம்மியது. யுத்தத்தில் ஒரு பட்டாளத்தையே அதட்டிய குரல். அவருடைய நாற்பத்தாறு வருடப் பிரம்மச்சரியத்தில் கம்மியதே இல்லை. “...இஷ்பெல் ரென்னியை இப்பவே என் மனைவியா ஏத்துக்கறேன்.”

“மனசாரவா?”

காது மடல்கூடச் சிவந்துவிட்டது அவருக்கு. “ம்... மனசாரத்தான்.”

“இஷ்பெல் ரென்னியாகிய நான் டார்க்வில் இம்ரியை இப்பவே என் கணவரா ஏத்துக்கறேன். மனசார.” ஒரு சொல்கூடத் தடுமாறவில்லை அவள்.

“இருபத்தி ரெண்டு செகண்டு!” லாக்லன் கத்தினான்.

“மிச்சம் எட்டு செகண்டுல ஒரு முத்தமே குடுத்திருக்கலாம், மசமசன்னு நிக்கறாரு” என்றாள் மார்சலி.

நடந்ததை நாலு வரியில் எழுதி, தேதி போட்டு, சாட்சிகள் இருவரிடமும் கையெழுத்து வாங்கினாள் இஷ்பெல். மார்சலியின் மாவோடு காகிதத்தை மடித்துக் கைப்பையில் பத்திரப்படுத்தினாள்.

சர் டார்க்வில் தலைகால் புரியாமல் குதித்தார். “இப்பவாவது ஒத்துக்கறீங்களா? எள்ளுத்தாத்தா கல்யாணம் நடந்துச்சா, இல்லையா?”

“நடந்துச்சு. ‘இரண்டு குண்டுக்கு நடுவே அரை நிமிடத் தாமதம், காரணம் தளபதிக்குக் கல்யாணம்’னு குறிப்பேட்டுலயே இருக்கு. ரெண்டு சிப்பாய் கையெழுத்தும் இருக்கு. உங்க பட்டம் செல்லும்னு செவ்வாய்க்கிழமையே ஆபீசுக்குத் தபால் அனுப்பிட்டேன்.”

“செவ்வாய்க்கிழமையா? அப்ப... இப்ப இங்க நடந்தது?”

இஷ்பெல் சிவப்புப் பென்சிலைப் பீரங்கியின் வாய்க்குள் போட்டாள்.

“நம்ம கல்யாணம்.”