சிவப்புத் தொப்பி

சரக்... சரக்...

புறவாசலில், துவைகல் பக்கமிருந்து வந்தது அந்தச் சத்தம். ஈரத்தில் எதையோ கல்லில் தீட்டுகிற மாதிரி. நிற்கும், மறுபடி கேட்கும்.

விளக்கு வைத்துக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. சாரல் விடாமல் விழுந்துகொண்டிருந்தது. பிள்ளையை மார்போடு இறுக்கிக்கொண்டேன்.

"யாரோ அரிவாள் தீட்டுதாங்களா ஐயா?"

உள் அறைக் கதவிடுக்கில் தலைவர் முகம் தெரிந்தது. "விளக்கைக் குறைம்மா," என்றார்.

தலைவர் என்றால் திருநெல்வேலி வக்கீல் பால்வண்ணநாதன். இந்த ஆகஸ்டில் வெள்ளைக்காரன் பெரிய தலைவர்களையெல்லாம் பிடித்து உள்ளே போட்ட மறுவாரம், இங்கே தென்காசியில் வந்து பேசினார். அன்று ராத்திரியே தந்திக் கம்பி அறுந்தது. அறுத்தவர்களில் என் வீட்டுக்காரரும் ஒருவர். பள்ளிக்கூட வாத்தியார். வீட்டில் கோழி அறுத்தால் தெருவுக்கு ஓடிவிடுகிறவர்.

இப்போது அவர் குற்றாலத்து மலையில் ஒளிந்திருக்கிறார். பிடிபட்டால் அடித்தே கொன்றுவிடுவார்கள் என்று ஊரில் பேச்சு. போகும்போது என்னிடம் ஒன்றுதான் சொன்னார். "தலைவரை நம்ம வீட்டுல வச்சுக் காப்பாத்து."

சரக்... சரக்...

"எவனோ காட்டிக் கொடுத்துட்டான்," என்றார் தலைவர். "ஒரு வேட்டி வாங்கிக் கொடுத்தாப் போதும், இந்த ஜனங்க யாரையும் காட்டிக் கொடுக்கும். நீ கான்வென்டிலே படிச்சவ, சொன்னாப் புரியும். நாலு வெள்ளைக்காரன் இருக்கிற இடத்திலே, நான் இந்த நாட்டுக்காரன்னு சொல்லிக்கவே எனக்குக் கூச்சமா இருக்கும்."

"மேடையில அப்படிப் பேசலையே ஐயா?"

"மேடைக்குன்னு ஒரு பேச்சு இருக்கும்மா. கீழே நிக்கிறவனுக்கு என்ன தெரியப் போகுது?"

சத்தம் நின்றுவிட்டது. கேட்டுக்கொண்டிருந்தபோது இருந்த பயத்தைவிட, நின்ற பிறகு வந்த பயம்தான் பெரிதாக இருந்தது.

புறவாசல் கதவை யாரோ தள்ளினார்கள். சாக்கை மடித்துத் தலையில் கவிழ்த்திருந்த ஓர் ஆள் நின்றார். சாக்கை எடுத்தார். அடியில் சிவப்புத் தொப்பி.

போலீஸ்.

கான்வென்டில் மனப்பாடம் செய்த மாதா ஜெபம் தானாக வாய்க்கு வந்தது. பாதியில் மறந்தும் போயிற்று.

நான் எதுவும் சொல்வதற்கு முன்னால், தலைவர் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

"கம்பியை அறுக்க நான் சொல்லவே இல்லை. இந்த முட்டாள் ஜனங்க தானாச் செஞ்சது. என்னை விட்டுடுங்க. இந்த வீட்டு வாத்தியார்தான் எல்லாத்துக்கும் முன்னாடி நின்னவன். செண்பகாதேவி அருவிக்கு மேலே ஒரு குகையிலே இருக்கான். இப்பவே ஆள் அனுப்பினா பிடிச்சிடலாம்."

"ஐயா..." என்றேன். பிள்ளையைக் கீழே விட்டுவிடக் கூடாதே என்று சுவரில் சாய்ந்துகொண்டேன்.

போலீஸ்காரர் என்னைத்தான் பார்த்தார்.

"பயப்படாதீங்கம்மா. செருப்புல ஒரே சேறு. வீட்டை அழுக்காக்கிரக் கூடாதேன்னு கல்லுல வழிச்சுக்கிட்டு நின்னேன். என் பேரு சுடலைமாடன். மலையில வாத்தியாரய்யாவுக்கு வந்த காய்ச்சல் விட்டுட்டுது. மத்தியானம் கஞ்சி குடிச்சாரு. அதை முதல்ல உங்ககிட்டச் சொல்லணும்னு வந்தேன்."

"நீங்க அவரைப் பாத்தீங்களா?"

"கஞ்சி கொண்டுபோயிக் கொடுக்கதே நான்தானம்மா. அந்தக் குகைப் பக்கம் தேடுத டூட்டி எனக்குத்தான். தேடிட்டேன், ஆளு இல்லைன்னு ஸ்டேஷன்ல சொல்லியிருக்கேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. பிள்ளை என் முகத்தைப் பார்த்துவிட்டு, தானும் அழ ஆரம்பித்தது.

"அழ நேரமில்லம்மா. தலைவரய்யா இங்கன இருக்கதை வாத்தியாரய்யாதான் எங்கிட்டச் சொன்னாரு. விடியக்காலம் இங்கன சோதனைக்கு வாராங்க. அதுக்குள்ள இவுகளைக் கூட்டிட்டுப் போயிரணும். புளியறை போய்ச் சேந்துட்டா திருவாங்கூர் சீமை. நம்ம போலீஸ் அங்கன வராது."

தலைவரின் கைகள் இன்னும் பாதி உயரத்தில் நின்றன. அவற்றை என்ன செய்வதென்று தெரியாதவர் போலக் கீழே இறக்கினார்.

"என்னையா? நான் இப்பத்தான் உன்கிட்ட..."

"கேட்டேன்யா."

"பின்னே எதுக்குப்பா இதெல்லாம்? தெரிஞ்சா வேலை போயிடும். ஜெயில்லேயும் போட்டுடுவான்."

"போடுவான்யா," என்றார் சுடலைமாடன். தன் சாக்கை உதறித் தலைவரின் தலையில் கவிழ்த்தார். "அன்னைக்குக் கூட்டத்துல பந்தோபஸ்துக்கு நின்னேன். நீங்க பேசினதை நம்பிட்டேன்."

தலைவர் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு இறங்கினார். வெளியே போனவர், படியில் நின்று திரும்பினார்.

"அம்மா, இங்கே நடந்ததை வாத்தியார்கிட்ட மட்டும்..."

நான் கதவைச் சாத்தி உள்ளே தாழ்ப்பாள் போட்டேன்.