கடைசிப் பட்டை

சுகாதார அலுவலகத்தில் வரைபடங்கள் தயாரிக்கும் கோமளவல்லி, ‘பிரசவ மரணங்கள், ஆண்டுவாரியாக’ என்று ஒரு பட்டை வரைபடத்துக்குத் தலைப்பிட்டிருந்தாள். அதிகாரி அவள் தோளுக்கு மேலாகத் திரையை எட்டிப் பார்த்தார்.

“இப்படிப் போட்டா யாருக்கும்மா புரியும்? நல்ல சேதியைத் தலைப்புலயே சொல்லிடணும்.”

அவர் சொன்னது சரிதான். இந்த ஆண்டின் பட்டை மற்ற எல்லாவற்றையும்விடக் குட்டையாக இருந்தது. ஆடி மாதம் பிரசவத்தில் போன அவள் தங்கை பூரணியும் அந்தப் பட்டைக்குள்தான் இருந்தாள். அது அவருக்குத் தெரியாது. ‘பிரசவ மரணங்கள் பாதியாகக் குறைந்தன’ என்று பெரிய எழுத்தில் அடித்தாள். ஒற்று எங்காவது விட்டுப்போயிருக்கிறதா என்று ஒருமுறை படித்துப் பார்த்தாள். பிழை எதுவும் இல்லை.

“அருமை! அந்தக் கடைசிப் பட்டையை மட்டும் பச்சையாக்கிடுங்க. பளிச்சுனு கண்ணுல படட்டும்.”

“எந்தப் பச்சை சார்?” என்று கேட்டாள்.