அந்தப் பிரேக் விற்பனைக்கில்லை

"அதை மட்டும் கேட்காதே தம்பி. வேற எது வேணும்னாலும் கழட்டிக்கோ."

பழைய வண்டிகளை உடைத்து உதிரிச் சாமான் விற்கும் கடைக்காரர், டீக் கிளாஸிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்.

டிரைவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காலையிலிருந்து ஏழு கடை ஏறி இறங்கிவிட்டான். அவனுடைய காரைத் தயாரிப்பதை நிறுத்தியே பதினோரு வருஷம் ஆகிறது. "இன்னுமா அதை ஓட்டறே?" என்ற சிரிப்புதான் எல்லாக் கடையிலும் கிடைத்தது.

இங்கேதான், கண்ணெதிரே அதே மாடல் கார் ஒன்று நிற்கிறது. முன்பக்கம் ஒரு ஓரம் காகிதம் மாதிரி கசங்கிப் போயிருந்தாலும், திறந்து கிடந்த பானெட்டுக்குள் பிரேக் சிலிண்டர் முழுசாக, பளபளவென்று உட்கார்ந்திருக்கிறது.

"எனக்கு வேண்டியதே அதுதாண்ணே. பெடலை மிதிச்சா தரை வரைக்கும் போகுது. நாலு தடவை மிதிச்சாத்தான் வண்டி நிக்குது."

"அப்ப ஓட்டாதே."

"ஓட்டாம? அஞ்சு பிள்ளைங்களை ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போறேன். இன்னைக்கே வண்டி எடுக்கல. நாளைக்கும் வரலைன்னா வேற வேன் பார்த்துக்கறோம்னு அஞ்சு வீட்லயும் சொல்லிட்டாங்க. எனக்கு வேற பிழைப்பு கிடையாது."

"புரியுது. ஆனா அது விற்பனைக்கில்ல."

"விலையை ஏத்தறதுக்குத்தானே இந்தப் பிகு? ரெண்டு மடங்கு தர்றேன், சொல்லுங்க."

"நாலு மடங்கு குடுத்தாலும் இல்ல."

மூலையில் பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு பெண்மணி உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு பை. அதற்குள் ஒரு குடை, மூக்குக்கண்ணாடிக் கூடு, காருக்குள் கிடந்த இன்னும் சில சாமான்கள். கையெழுத்துப் போட வேண்டிய காகிதத்துக்காகக் காத்திருந்தவள் நிமிர்ந்தாள்.

"அது எங்க வண்டிதான். குடுத்துடுங்கய்யா. பாவம், இவ்வளவு கெஞ்சறாரே!"

"நீங்க சும்மா இருங்கம்மா."

"ஏன் சும்மா இருக்கணும்? அதை மாத்தி ஒரு மாசம்கூட ஆகல. எங்க வீட்டுக்காரர் எங்க அலைஞ்சாரு? நான்தான் கடை கடையா ஏறி, பழசு மாதிரியே ஒண்ணைக் கண்டுபிடிச்சு மாட்ட வெச்சேன்."

டிரைவர் பக்கம் திரும்பினாள்.

"பார்த்துப் பார்த்துச் செஞ்சு என்ன பிரயோஜனம்? பட்டப்பகல்ல, பதினோரு மணிக்கு, ஸ்டியரிங்லயே தூங்கிட்டாரு மனுஷன். நேரத்தோட படுங்கன்னு சொன்னா கேட்டாத்தானே? செவுத்துல மோதி, போயே போயிட்டாரு. திட்டித் திட்டி எனக்கு வாய்தான் வலிக்குது."

டிரைவர் தலையைக் குனிந்தான். ஆனால் நாளைக் காலை ஏழரை மணி அவன் கழுத்தைப் பிடித்து நெட்டியது.

"அம்மாவே சொல்லிட்டாங்க. ஒரு ஸ்பேனர் குடுங்கண்ணே, நானே கழட்டிக்கறேன்."

"நேத்தே வண்டிக்குப் பணம் கொடுத்தாச்சு. இப்ப அது என் சாமான்."

கடைக்காரர் எழுந்தார். பெரிய சுத்தியலை எடுத்தார். நேராகக் காரிடம் போய், பானெட்டுக்குள் குனிந்து மூன்று அடி போட்டார். சிலிண்டர் பிளந்து, பாதி தரையில் விழுந்தது. பிரேக் ஆயில் சொட்டுச் சொட்டாக வடிந்தது.

"இப்ப பேச்சு முடிஞ்சுதா?"

பெண்மணி விருட்டென்று எழுந்தாள்.

"நீங்கள்லாம் ஒரு மனுஷனா? ஒருத்தருக்கு உதவினா உங்க சொத்தா கரைஞ்சுடும்?"

கடைக்காரர் காகிதத்தை நீட்டினார். அவள் ஒரு கிறுக்குக் கிறுக்கிவிட்டு, பையை அணைத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போனாள்.

டிரைவர் கடைக்காரர் பக்கம் திரும்பினான். "உங்களுக்கெல்லாம் எப்படிண்ணே மனசு வருது?"

"உன் வண்டியோட சிலிண்டரைக் கழட்டிக் கொண்டா. ரப்பர் மாத்தி நானே சரி பண்ணித் தர்றேன். ரெண்டு நாள் ஆகும்."

"ரெண்டு நாள்ல எனக்கு ஒரு பிள்ளையும் மிஞ்சாது!"

"இதை மாட்டியிருந்தாலும் மிஞ்சியிருக்காது."

"என்னண்ணே சொல்றீங்க?"

கடைக்காரர் வாசலுக்குப் போய் எட்டிப் பார்த்தார். தெருமுனையில் அந்தப் பெண்மணியின் தலை மறையும்வரை பொறுத்தார். திரும்பி வந்து, உடைந்த துண்டைக் காலால் தள்ளினார்.

"இது வேற வண்டியோடது. பார்க்க ஒண்ணாத்தான் இருக்கும், மாட்டினா கச்சிதமா உட்காரவும் செய்யும். ஆனா அளவு சின்னது. இந்த வண்டிக்கு அது தள்ளுற ஆயில் பத்தாது. மெதுவாப் போறப்ப சமாளிக்கும், வேகத்துல மிதிச்சா நிக்காது. இன்னைக்குக் காலையில வண்டியைப் பிரிக்கும்போதுதான் பார்த்தேன். பெடல் தரையோட தரையா ஒட்டிக் கிடந்துச்சு. கடைசி வரைக்கும் மிதிச்சிருக்காரு மனுஷன்."

"அப்ப... அவர் தூங்கலையா?"

"ரோட்டுல டயர் தேய்ஞ்ச தடமே இல்ல. பிரேக்கே பிடிக்கலைன்னா தடம் எங்கேர்ந்து வரும்? போலீஸ்ல தூங்கிட்டார்னு எழுதிட்டாங்க."

டிரைவரின் கண்முன்னே அஞ்சு பிள்ளைகளின் முகங்களும் வரிசையாக வந்து போயின.

"அந்தம்மாகிட்ட சொல்லியிருக்கலாமேண்ணே? உங்களைப் போய் அவ்வளவு பேச்சு பேசிட்டுப் போறாங்க."

கடைக்காரர் சுத்தியலை மூலையில் சாத்தினார்.

"என்னையும் திட்டட்டும், புருஷனையும் திட்டட்டும். தன்னைத் திட்டிக்க ஆரம்பிச்சா, அந்தம்மா தாங்க மாட்டாங்க தம்பி."