ஊசிக்குப் பிறகு நாற்பது நிமிடம்

“அடுத்த தடவை ஊசி போட்டதும் சார் பேசாம படுத்திருக்கணும்க்கா. பேசினதாலதான் படம் கெட்டுப்போச்சு.”

ஸ்கேன் எடுக்கிற பெண் கவிநிலா, வேறு யாருடைய படத்தையோ வைத்துக்கொண்டு பேசுகிறாள் என்றுதான் அருணாதேவி நினைத்தாள்.

ஆனால் திரையின் மூலையில் இளஞ்செழியன், வயது 49 என்று அவள் கணவனின் பெயர்தான் இருந்தது.

இளஞ்செழியன் பேசிப் பத்து மாதம் ஆகிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுந்து வாயைத் திறந்தான். வெறும் காற்றுதான் வந்தது. கீழ்பென்னாத்தூரில் விதைக்கடை வைத்து, நாலு கடை தள்ளிக் கேட்கும்படி வியாபாரம் பேசுகிற மனிதன். தொண்டையில் ஒன்றுமில்லை என்றார் தொண்டை டாக்டர். நரம்பு டாக்டர் எல்லாம் பார்த்துவிட்டு, மூளை எங்கெங்கே வேலை செய்கிறது என்று காட்டுகிற படம் ஒன்று மிச்சம் இருக்கிறது, அதையும் எடுத்துவிடலாம் என்று வேங்கிக்காலில் புதிதாக வந்த இந்த மையத்துக்கு எழுதிக் கொடுத்தார்.

அருணாதேவி கிராம சுகாதார செவிலியர். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் தடுப்பூசி போட்ட கை. இந்தப் பத்து மாதமும் வீட்டில் அவனுக்கு வாய் அவள்தான். வருகிறவர்களுக்குப் பதில் சொன்னாள், விதைக் கம்பெனிக்காரர்களிடம் அவனுக்காகச் சண்டை போட்டாள். பௌர்ணமி தவறாமல் வெறுங்காலோடு மலையைச் சுற்றினாள். போன மாதம் அடி அண்ணாமலை தாண்டும்போது குதிகால் வெடித்து ரத்தம் கசிந்தது. உட்காரவில்லை.

கவிநிலா பொறுமையாக விளக்கினாள். ஊசியில் ஏற்றுவது கதிரியக்கம் சேர்த்த சர்க்கரை மருந்து. உடம்பில் எது வேலை செய்கிறதோ அங்கே போய் அது சேர்ந்துகொள்ளும். அதனால்தான் நாற்பது நிமிடம் வெளிச்சம் குறைந்த அறையில் பேசாமல், போன் பார்க்காமல் படுத்திருக்கச் சொல்வது. அப்போதுதான் படம் சுத்தமாக வரும். இவருக்கு நாக்கிலும் தாடையிலும் மருந்து ஜாஸ்தியாக ஏறியிருக்கிறது. மூளையில் பேச்சுக்கான இடமும் பளிச்சென்று தெரிகிறது. இதை வைத்து டாக்டரால் எதுவும் சொல்ல முடியாது.

அருணாதேவிக்கு உடம்பு சிலிர்த்தது.

பேசிவிட்டானா? இன்றைக்கா? அண்ணாமலையார் கண் திறந்துவிட்டாரா?

கண்ணைத் துடைத்துக்கொண்டு, என்ன பேசினார் என்று கேட்டாள்.

கவிநிலா தயங்கினாள். பேச்சு போய்விட்டது என்று சீட்டில் எழுதியிருந்ததால் அவளுக்கும் சந்தேகமாக இருந்ததாம். அதனால் அறையின் கேமரா பதிவைப் போட்டுப் பார்த்ததாகச் சொன்னவள், பக்கத்துத் திரையை அருணாதேவி பக்கம் திருப்பினாள்.

சத்தம் இல்லாத படம். இளஞ்செழியன் மல்லாந்து படுத்திருந்தான். நர்ஸ் கதவைச் சாத்தியதும் போர்வைக்குள்ளிருந்து போனை எடுத்துக் காதில் வைத்தான்.

திக்கவில்லை. திணறவில்லை. கையை ஆட்டி ஆட்டிப் பேசினான். நடுவில் வயிறு குலுங்கச் சிரித்தான்.

இன்றைக்குத்தான் குரல் திரும்பியவன் இப்படிப் பேசமாட்டான்.

அருணாதேவிக்குச் சத்தம் தேவைப்படவில்லை. சோறா, தண்ணியா, மாத்திரையா என்று அந்த உதடுகளைப் பார்த்துப் பார்த்தே பத்து மாதம் ஓட்டியவள். முதலில் ‘டேய் கலை’ என்றான். கலையரசன், அவன் தம்பி. இவளைப் பார்க்கும்போதெல்லாம் அண்ணன் நிலைமையைச் சொல்லிக் கண் கலங்குகிறவன்.

பிறகு உதடுகள் சொன்னது இது:

“அடுத்த லிஸ்ட் வந்தாகூட இவ செய்யாறும் போகமாட்டா, எங்கயும் போகமாட்டாடா.”

மறுபடி போடச் சொன்னாள். மறுபடியும் அதேதான்.

பத்து மாதத்துக்கு முன்னால் ஒரு வியாழக்கிழமை அவளுக்குப் பதவி உயர்வு ஆணை வந்தது. பதினெட்டு வருஷம் காத்திருந்த ஆணை. செய்யாறில் போஸ்டிங், அங்கேயே வீடெடுத்துத் தங்க வேண்டியிருக்கும் என்று அன்று சாப்பிடும்போது சொன்னாள். அவன் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை குரல் போனது.

வாய் பேசாத மனுஷனை விட்டுவிட்டு எப்படிப் போவது? பதவி உயர்வு வேண்டாம் என்று அவளே எழுதிக் கொடுத்தாள். அந்த நாற்காலியில் வேறொருத்தி உட்கார்ந்து ஏழு மாதம் ஆகிறது.

அந்த வியாழனையும் அந்த ஞாயிறையும் அவள் ஒருநாளும் சேர்த்துப் பார்த்ததில்லை.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த இளஞ்செழியன் அவளைப் பார்த்துவிட்டான். தொண்டையைத் தொட்டுக் காட்டி, என்ன சொன்னார்கள் என்று புருவத்தால் கேட்டான். முகத்தில் எப்போதும் போல அந்தப் பரிதாபம்.

அருணாதேவி திரும்பிக்கொண்டாள்.

மறுபடி ஊசி போட வருகிற செவ்வாய்க்கிழமை வரலாம் என்று சொல்லி, கவிநிலா நோட்டைத் திறந்தாள். நோயாளியோடு வருகிறவர் பெயர் என்ற இடத்தில் போன தடவை எழுதியதையே பார்த்து, அருணாதேவி, மனைவி என்று எழுதத் தொடங்கினாள்.

அருணாதேவி அவள் பேனாவின் மேல் கை வைத்தாள்.

“கலையரசன்னு போடும்மா. தம்பி.”

அவனுடைய போன் நம்பரையும் நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு எண்ணாகச் சொன்னாள்.