மேஜையின் நாடி

யார் கையைப் பிடித்தாலும் ஜெசிந்தாவுக்கு ஒரே நாடிதான் கிடைத்தது. கணவன் சேவியர், தூங்கும் கைக்குழந்தை, நெஞ்சு நோய்க்காரரான மாமனார் மூவரும் ஒரே கதியில் துடித்தார்கள். குழந்தைக்கு வேகமாகத் துடிக்க வேண்டும் என்றது புத்தகம். துணிக்கடை வேலையை விட்டுவிட்டுப் பட்டதாரிகளுக்கான நர்சிங் படிப்புக்கு விண்ணப்பித்திருந்தாள். நாளை நேர்முகத் தேர்வில் நாடி பார்த்துக் காட்டச் சொல்வார்கள்.

“துடிப்பைத் தப்பா எண்ணுறியோ?” என்றான் சேவியர்.

“எனக்கு எண்ணத் தெரியாதா?” சலித்துப்போய் மேஜை விளிம்பை அழுத்திப் பிடித்தாள். அதுவும் அதே கதியில் துடித்தது. அதை அவனிடம் சொன்னாள்.

“அப்போ மேஜை பொழச்சிரும்.”

அவள் சிரிக்காமல் தன் கையைப் பார்த்தாள். கடையில் இத்தனை வருஷமும் துணியைக் கட்டைவிரலால் அழுத்தித் தடவித்தான் தரம் பார்த்தாள். நாடியையும் அதே விரலால்தான் பார்த்திருக்கிறாள். கட்டைவிரலுக்குள்ளேயே ஒரு ரத்தக்குழாய் துடிக்கிறது. எதன்மேல் அழுத்தினாலும் அது தன் துடிப்பையே திருப்பித் தரும். வாரம் முழுக்க அவள் எண்ணியது தன்னைத்தான்.

உள்ளறையிலிருந்து மாமனார் கூப்பிட்டார். “இன்னைக்கும் பாத்துச் சொல்லும்மா. நல்லாருக்கு நல்லாருக்குன்னு தினமும் சொன்னியே, அந்தத் தைரியத்துலதான் மாத்திரைய நிறுத்திட்டேன்.”

ஜெசிந்தா போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். கட்டைவிரலை மடக்கிக்கொண்டு, ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் அவர் மணிக்கட்டில் மெல்ல வைத்தாள்.